குரல் உடையும் இடம்

உருது எனக்குத் தெரியாது. கஜல் வரிகளில் பாதிச் சொற்களுக்கு அர்த்தம் கேட்க இன்றும் ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஆனாலும் காதல் பாட்டு என்றதும் எனக்கு நினைவு வருவது பேகம் அக்தரின் குரல்தான். இளமையான குரல் அல்ல, தேன் தடவிய குரலும் அல்ல. நான் திரும்பத் திரும்பக் கேட்பது அவர் நடுவயதைக் கடந்தபின் பாடிய பதிவுகளை.

மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அந்தக் குரல் ஒரு கணம் உடையும். பாட்டு வாத்தியார் யாரைக் கேட்டாலும் அதைக் குற்றம் என்பார். நம் சபாக்களில் பாடகருக்கு அப்படி நேர்ந்தால் ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடிப்பார். முன்வரிசைக்காரர் பக்கத்து இருக்கையை அர்த்தத்துடன் பார்ப்பார். அக்தரின் ரசிகர்களோ அந்த உடைசலுக்காகவே காத்திருந்தார்கள்.

இதற்கு எல்லாரும் சொல்லும் காரணம் அவருடைய வாழ்க்கை. 1914இல் ஃபைசாபாத்தில் பிறந்தவர். தாய் முஷ்தரி பாயும் பாடகி. அக்தரிபாய் ஃபைசாபாதி என்ற பெயரில் இசைத்தட்டு, நாடகம், சினிமா என்று புகழ் பெற்றபின், 1945இல் லக்னோ பாரிஸ்டர் ஒருவரை மணந்தார். கௌரவமான வீட்டு மருமகள் பாடக்கூடாது. பாட்டு நின்றது. தாயும் இறந்துபோக, அக்தர் நோயில் விழுந்தார். மருந்தால் ஆகாது, பாடவிடுங்கள் என்றார்கள் மருத்துவர்கள். 1949இல் லக்னோ வானொலி நிலையத்தில் மறுபடி பாடினார். பாடி முடித்து அழுதார் என்கிறார்கள்.

உருக்கமான கதைதான். ஆனால் அந்த உடைசலை இந்தக் கதையின் கணக்கில் எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை. துக்கம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதை எந்தச் சொல்லில், எந்த ஸ்வரத்தில், எத்தனை நொடி வைப்பது என்பது பயிற்சி. பாட்டியாலா அதா முகமது கானிடமும் கிரானா அப்துல் வஹீத் கானிடமும் பாடம் கேட்டவர் அக்தர். தொண்டை கொடுத்ததை அவர் மறைக்கவில்லை. அதற்கு இடம் பார்த்து வைத்தார். சத்யஜித் ராயின் 'ஜல்சாகர்' (1958) படத்தில் அவர் பாடும் காட்சியைப் பாருங்கள். ஜமீன்தார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாடுகிறார். ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. உருகுவது கேட்பவர்களின் வேலை.

என்னை உறுத்துவது வேறு. அக்தரிபாய் பாடினால் கோட்டாப் பாட்டு; அதே பெண் பேகம் அக்தர் ஆனபின் பாடினால் கலை. பாட்டு மாறவில்லை, இசைத்தட்டின் மேல் இருந்த பெயர்தான் மாறியது. நாமும் குறைந்தவர்கள் அல்ல. 1933இல் கிட்டப்பா மறைந்தபின் வெள்ளைச் சேலைக்குள் ஒதுங்கிய கே.பி. சுந்தராம்பாள், 1935இல் நந்தனாராக, ஆண் வேடத்தில்தான் திரைக்கு வந்தார். அதற்குப்பின் நாம் அவரிடம் கேட்டதெல்லாம் முருகனையும் ஔவையாரையும். அக்தர் அந்த ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டசாலி: 1974 அக்டோபரில் அகமதாபாத்தில் இறக்கும்வரை மனிதக் காதலையே பாடினார்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தை, முப்பது வயதில் கணவனை இழந்தவர், ஷகீல் பதாயூனி எழுதிய கஜலை நான் போட்டபோது காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தியே தெரியாது. குரல் உடைந்ததும், "பாவம், தொண்டை கட்டியிருக்குடா இவளுக்கு" என்றார். நான் சிரித்துவிட்டு நிறுத்தப் போனேன்.

"இருக்கட்டும், பாடட்டும்" என்றார். பாட்டு முடியும்வரை அரிவாள்மணையில் பாதி நறுக்கிய வாழைக்காய் அப்படியே கிடந்தது. எதைப் பற்றிய பாட்டு என்று அவர் கேட்கவில்லை.