கழித்துவிட்ட டேப்லெட்டுகள்

எங்கள் காலனி இரவுப் பள்ளிக்கு நகரத்து நிறுவனம் ஒன்று ஆறு பழைய டேப்லெட்டுகளைக் கொடுத்தது. விழா எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். இப்போது அதிலுள்ள பாடச் செயலி, புதுப்பித்தால்தான் திறப்பேன் என்கிறது. இருப்பதே 8 ஜிபி. அதில் பெரும்பங்கை இயங்குதளமே பிடித்துக்கொண்டது. இடமில்லாததுதான் காரணம் என்று நினைத்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, சேர்த்துவைத்திருந்த கணக்குப் பாடக் காணொலிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அதன்பிறகுதான் 'இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது' என்று வந்தது.

அவை ஓடுவது 2013இல் வெளியான ஆண்ட்ராய்டு கிட்கேட்டில். அதற்கான பிளே சர்வீசஸ் ஆதரவை 2023ஆம் ஆண்டிலேயே கூகுள் நிறுத்திவிட்டது. கொடுத்தவர்களுக்கு இது தெரியாதா?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் பார்ப்பேன். தம் பிள்ளைக்கு உதவாதென்று கழித்தது சேரிப் பிள்ளைக்கு மட்டும் எப்படிப் போதும்? பழைய சோறு, பழைய துணி வரிசையில் இப்போது பழைய டேப்லெட்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான மேம்பாட்டு நிதி அவர்களுக்கே போய்ச்சேர வேண்டுமென்று தமிழ்நாடு 2024இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த நிதியில் இரவுப் பள்ளிகளுக்கும் ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கும் புதிய கருவிகள் வாங்க வேண்டும். எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும் என்பதையும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அதுவரை பாடங்களை பிடிஎஃப்பாக மெமரி கார்டில் போட்டாவது கொடுங்கள். கிட்கேட்டிலும் அது திறக்கிறது.