காஹாங் தோழர்களே, சைக்கிளை எடுங்கள்!

ஆடிக் கிருத்திகைக்குள் நாம் பத்துமலை அடிவாரத்தில் நிற்க வேண்டும். காஹாங்கிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல். நாள் நெருங்கிவிட்டது, பெயர் கொடுத்தவர்கள் போதவில்லை. அதனால்தான் இந்த அவசர அழைப்பு.

எதற்காக மிதிக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மூரிலிருந்து குளுவாங் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்தில் மூன்று நாள் அங்கே போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ஊசி குத்திய கையை அசைக்காமல் கிடக்க வேண்டும். போக 40, வர 40. வாரத்துக்கு 240 கிலோமீட்டர். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. நாம் ஐந்து நாள் மிதித்துக் கடக்கப்போகும் தூரத்தை அவர்கள் பத்தே நாளில் கடந்துவிடுகிறார்கள். அடுத்த முறை வந்ததும் மறுபடி கிளம்புகிறார்கள். அவர்களுக்கு யாரும் மாலை போடுவதில்லை.

பால்மரத்திலும் செம்பனையிலும் உழைத்து ஓய்ந்த உடம்பு அவர்களுடையது. டயாலிசிஸ் முடிந்து எழும்போது ரத்த அழுத்தம் இறங்கும், தலை சுற்றும். அந்த நிலையில் மகன் முதுகைப் பிடித்துக்கொண்டு, லோரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் அம்மாவை நானும் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். மகனுக்கு அன்றைய சம்பளம் போய்விட்டது. சிகிச்சைக்கு மானியம் கிடைத்தவர் வீட்டிலும் வழிச்செலவுக்குக் கடன் வாங்குகிறார்கள். வருஷக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை வந்து சாலையில் வெள்ளம் ஏறினால் அந்தப் பயணமும் நின்றுபோகும். ஒரு முறை தவறினாலே உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். இரண்டு முறை தவறினால் உயிருக்கே ஆபத்து.

ஒரு வேன் வேண்டும். அதற்கு எண்ணெய்ச் செலவு வேண்டும். மழைக்கு முன்னால் வேண்டும். நம் வேண்டுதல் இவ்வளவுதான். அந்தப் பணத்தை வழி நெடுக உண்டியலில் திரட்டத்தான் மிதிக்கிறோம்.

சைக்கிளால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2011 ஜூலையில் இலங்கையில் தெற்கு முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீட்டர் நடந்தார்கள். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து 27 நாள் நடந்தார்கள். போர் முடிந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்த நேரம் அது. அந்த நடையில் திரண்ட பணம் யாழ்ப்பாணம் தெல்லிப்பளையில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்து நிற்கிறது. நம் நாட்டில் 2008 டிசம்பரில் ஜெரிட் இயக்கத்தின் தோழர்கள் வடக்கிலிருந்து ஓர் அணி, ஜொகூர் பாருவிலிருந்து ஓர் அணி என்று சைக்கிளில் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வேண்டும் என்பது அவர்கள் கொண்டுபோன கோரிக்கைகளில் ஒன்று. வழி நெடுக மறிக்கப்பட்டார்கள், கைதானார்கள். 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. அன்று வெயிலில் மிதித்தவர்களுக்கும் அதில் பங்குண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேன் மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். 2019-இன் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூவரில் ஒருவர்! சிறுநீரகம் கெடுவதற்கு அதுவே பெரிய காரணம். அதனால் தங்கும் ஊர்களில் எல்லாம் கோயில் மண்டபத்தில் மேசை போட்டுச் சர்க்கரை அளவு பார்ப்போம். தாதியர் வேலை பார்க்கும் தங்கச்சிகளே, உங்களை நம்பித்தான் இதைச் சொல்கிறேன். உண்டியல் பணத்தைவிட இந்த மேசை முக்கியம் என்பது என் கருத்து.

வழி இதுதான்: குளுவாங், ஆயர் ஈத்தாம், அங்கிருந்து பழைய கூட்டரசுச் சாலையில் யோங் பெங், லாபிஸ், சிகாமட், கிம்மாஸ், தம்பின், சிரம்பான், கோலாலம்பூர். நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. இருட்டில் மிதிக்கக் கூடாது. ஒற்றை வரிசை, தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு. வேகம் காட்ட விரும்பும் தம்பிகள் வேறு நாளில் காட்டட்டும். இந்தப் பயணத்தில் கடைசியாக வருபவரின் வேகம்தான் எல்லாருடைய வேகமும். இனிப்பு நீர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். மிதிக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கும். ஜெர்சி அச்சடிக்க ஒரு காசும் எடுக்கப் போவதில்லை. பழைய டி-சட்டை போதும்.

சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்களுக்கும் வேலை உண்டு. பின்னால் வரும் லோரிக்கு ஓட்டுநர் வேண்டும், டியூப் ஒட்டத் தெரிந்தவர் வேண்டும், சோறு ஆக்க அக்காமார் வேண்டும். பணத்தை எண்ணி, கணக்கெழுதி, வேன் வாங்கும்வரை காசு காசாகப் பதில் சொல்லும் ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். கணக்கு சுத்தமில்லாத தருமத்துக்கு அடுத்த முறை யாரும் கை கொடுக்க மாட்டார்கள்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு காஹாங் பட்டணத்தில் கூடுகிறோம். சைக்கிள் இருப்பவர் சைக்கிளோடு வாருங்கள். இல்லாதவர் வெறுங்கையோடு வாருங்கள். உங்கள் லயத்தில் டயாலிசிஸுக்குப் போகிறவர் இருந்தால், அவர் எந்தெந்தக் கிழமையில், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி வாருங்கள். வேன் ஓட வேண்டிய நேரத்தை அந்தத் தாள்களை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறோம்.