உரித்த நிறமும் பூசிய நிறமும்

சில மாதங்களுக்கு முன்னர் ஓர் இரவு எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் தொலைபேசி எடுத்தார். லண்டனில் இரவுவேலை செய்பவர்; வேலைக்குப் புறப்படும் அவசரம் குரலில் தெரிந்தது. "மாஸ்ரர், நீங்கள் ஒருக்கால் வந்து இவனுக்குச் சொல்லுங்கோ. பதினைஞ்சு வயசுப் பெடியன் அறையைப் பூட்டிப்போட்டு விளையாட்டுக் காருக்குப் பெயின்ற் அடிச்சுக்கொண்டிருக்கிறான். வாற வருசம் சோதினை" என்றார். ஆசிரியத் தொழிலை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியும், பிள்ளைகளுக்குப் புத்திமதி சொல்லும் உத்தியோகம் என்னை விட்டு நீங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை சென்றேன்.

மேசையில் பழைய பத்திரிகைத் தாள் விரித்திருந்தது. அதன்மேல் நிறம் உரிந்த சின்னஞ்சிறு கார்கள் பன்னிரண்டோ பதின்மூன்றோ வரிசையாக நின்றன. சிலவற்றுக்குச் சில்லு இல்லை. சிலவற்றுக்கு அடித்தட்டு இல்லை. தூரிகைகள், பற்குச்சிகள், மூடியிட்ட கண்ணாடிப் போத்தல், கையுறை ஆகியன ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. மாணவர் மேசைகள் பலவற்றைப் பார்த்தவன் நான். இது சோம்பேறியின் மேசையன்று என்பது முதற் பார்வையிலேயே விளங்கிற்று. ஆகவே புத்திமதியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, "என்ன செய்கிறாய் தம்பி?" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் விளக்கினான்.

இக்கார்கள் நாகத்துடன் ஏறத்தாழ 4 சதவீத அலுமினியம் கலந்த உலோகத்தால் ஆனவை. 400 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பத்திலேயே உருகும் இவ்வுலோகத்தை, உருக்கு அச்சினுள் அழுத்தத்துடன் செலுத்தி வார்க்கிறார்கள். இவற்றின் வரலாறு பிரித்தானியாவுடன் நெருங்கிய தொடர்புடையது. லிவர்பூலில் மெக்கானோவை உருவாக்கிய பிராங்க் ஹோர்ன்பியின் நிறுவனம் 1934 இல் டிங்கி என்ற பெயரைச் சூட்டிற்று. 1947 இல் லெஸ்லி ஸ்மித், றொட்னி ஸ்மித் என்ற இரு நண்பர்கள் தம் பெயர்களின் பகுதிகளை இணைத்து லெஸ்னி என்ற நிறுவனத்தை வட லண்டனில் தொடங்கினர். அவர்களுடன் சேர்ந்த ஜாக் ஓடெலின் மகள் படித்த பாடசாலையில், நெருப்புப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி இருந்ததாம். தந்தை பித்தளையில் ஒரு குட்டி வீதி உருளை இயந்திரம் செய்து நெருப்புப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். 1953 இல் மச்பொக்ஸ் கார்கள் கடைக்கு வந்தமைக்கு இதுவே மூலம். பாடசாலை விதியொன்று ஒரு தொழிலையே தோற்றுவித்த கதை, ஆசிரியனாகிய எனக்குச் சிறிது பெருமையையும் தந்தது. 1968 இல் அமெரிக்காவிலிருந்து ஹொட் வீல்ஸ் போட்டிக்கு வந்தது. லிவர்பூல் தொழிற்சாலை 1979 இல் மூடப்பட்டது. 1982 இல் லெஸ்னி நிறுவனமும் முறிந்தது. ஆனால் அவர்கள் வார்த்த கார்கள் இன்றும் ஞாயிறு திறந்தவெளிச் சந்தைகளில் தகரப் பெட்டிகளுக்குள் சில்லறைக் காசுக்குக் கிடக்கின்றன. பையன் பொறுக்குவது அங்கேதான்.

வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன். இதை வாசிக்கும் வீடுகளிலும் இப்படியொரு பிள்ளை இருக்கக்கூடும். காரின் உடலையும் அடித்தட்டையும் றிவற் ஆணிகள் இணைக்கின்றன. அவற்றின் தலையை மட்டும் துளைகருவியால் மெல்ல எடுத்தால் இரண்டும் பிரியும். மீண்டும் பூட்டும்போது அதே துளையில் 2 மில்லிமீற்றர்த் திருகாணி போதும். அடுத்தது பழைய பூச்சை உரித்தல். நிறம் அகற்றும் பசையைப் பூசி, கையுறையுடன், திறந்த வெளியில், பழைய பற்தூரிகையால் தேய்க்க வேண்டும். முன்னர் நிமிடங்களில் உரித்த கடும் நச்சுத் திரவம் இப்போது பொதுமக்களுக்கு விற்கப்படுவதில்லை. இன்று கிடைப்பவை மணிக்கணக்கில் எடுக்கும். அவசரப்பட்டு எரிசோடாவில் ஊறவைப்போர் உண்டு. அது பூச்சுடன் நில்லாது நாகத்தையும் அரித்துவிடும். 1950 களின் பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால், உலர்ந்த நிலையில் அரத்தாளால் தேய்த்துத் தூளை மூச்சில் எடுக்கக் கூடாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் சமையலறை மேசையில் இவ்வேலை ஆகவே ஆகாது.

உரித்த உடலைச் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்தியபின் விரலாலும் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் நிறம் பிடிக்காது. முதலில் மெல்லிய அடிப்பூச்சு, ஒரு நாள் பொறுமை, பின்னர் நிறம். நிறத்தையும் ஒரே தடவையில் அப்பாமல் இரண்டு மூன்று மெல்லிய படைகளாக விசிற வேண்டும். தடித்துப் பூசினால் கதவின் கோடும் முன்முகத்தின் கம்பிகளும் நிறத்தினுள் புதைந்து, கார் கரைந்த சவர்க்காரக் கட்டிபோல் ஆகிவிடும்.

இவ்வளவையும் கேட்டபின், இது இலகுவான காரியமே என்ற எண்ணத்துடன் நானும் ஒரு காரை வாங்கி வீட்டில் முயன்றேன். முன்கண்ணாடி பிளாஸ்ரிக் என்பதை மறந்து அதனுடனேயே பசையைப் பூசிவிட்டேன். கண்ணாடி புகை படிந்ததுபோல் மங்கி நெளிந்தது. முதற்படை காயுமுன் இரண்டாம் படையை விசிறினேன். நிறம் முதியவரின் தோல்போல் சுருங்கிற்று. பையனிடம் காட்டியபோது அவன் சிரிக்கவில்லை. "எனக்கும் முதல் ஆறும் இப்பிடித்தான் வந்தது, மாமா" என்றான். நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பில் எத்தனை பேருக்கு நான் இவ்வளவு இதமாகப் பிழை சுட்டிக் காட்டியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். விடை எனக்கு உவப்பாக இருக்கவில்லை.

இனி, நான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காருக்கு வருகிறேன். அன்று அவன் மேசையின் ஓரத்தில், ஒன்பது சென்ரிமீற்றர் அளவான டிங்கி கார் ஒன்று நின்றது. முக்கால்வாசி நிறம் போய் உலோகம் தெரிந்தது. ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற். முழங்கையூன்றிக் குனிந்திருப்பவர்போல் உருண்ட தோளும் பருத்த முன்முகமும் கொண்ட அந்த உருவத்தை, யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1952 முதல் 1954 வரை மட்டுமே உற்பத்தியான அந்தக் கார் எங்கள் ஊர்களில் வாடகைக் காராக 1990 களிலும் ஓடியது. கலியாண வீட்டுக்கும் அதுவே, ஆஸ்பத்திரிக்கும் அதுவே.

பையனுக்கு இவை எதுவும் தெரியாது. புத்தகத்தில் கண்டபடி சிவப்பு அடிக்க எண்ணியிருந்தான். வேலை முடிந்து உறங்கி எழுந்த தந்தை அப்போதுதான் அறைக்குள் வந்தார். என் புத்திமதி எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வந்தவர், மேசையைப் பார்த்ததும் பேச்சை மறந்தார். காரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கடை ஐயான்ரை கார்" என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். தன் பேரனார் வாடகைக் கார் ஓட்டியவர் என்பதையே அவன் அன்றுதான் அறிந்தான். தந்தை கட்டிலில் அமர்ந்து கதைக்கத் தொடங்கினார். பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லாதபோது சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டியதையும், பின்னால் எழுந்த வெண்புகையையும் சொன்னார். 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நகர்ந்த அந்த இரவில், அக்காரினுள் பதினொரு பேரும் ஒரு தையல் இயந்திரமும் இருந்தனவாம். கைதடிக்கு அப்பால் மண்ணெண்ணெய் தீர்ந்தது. வீதியோரத்தில் ஒரு மரத்தின்கீழ் காரைத் தள்ளி விட்டுவிட்டு நடந்தார்கள். அடுத்த ஆண்டு திரும்பியபோது சில்லுகளும் இயந்திரமும் இல்லாத வெறுங்கூடு நின்றது. அதன்பின் அவருடைய தந்தை வேறு கார் ஓட்டவில்லை.

பதினைந்து ஆண்டுகளாக ஒரே கூரையின்கீழ் இருந்தும் சொல்லப்படாத கதை இது. சொல்லக்கூடாது என்று அவர் மறைத்ததாக நான் நினைக்கவில்லை. ஒருவர் இரவில் வேலைக்குப் போக, மற்றவர் காலையில் பாடசாலைக்குப் போகும் வீட்டில், சொல்வதற்கு ஓர் இடம் வாய்க்கவில்லை.

பையன் உடனே தொழில் நுணுக்கத்துக்கு வந்தான். நிறத்தூளை உலர்ந்த தூரிகையால் தட்டிப் புழுதியும் துருவும் ஏறியதுபோல் காட்டும் முறை ஒன்று உண்டு. "மரத்துக்குக் கீழ நிண்ட மாதிரிச் செய்யட்டா அப்பா?" என்று கேட்டான். தந்தை சிறிது நேரம் பேசவில்லை.

"வேண்டாம். விடிய எழும்பி ஐயா துடைச்சு விடுவார். அப்பிடிச் செய். கறுப்பு."

இலக்கத் தகடு அடுத்த கேள்வியாயிற்று. 1957 இல் வாகன இலக்கங்களில் சிங்கள ஸ்ரீ எழுத்துப் புகுத்தப்பட்டதையும், அதனை எதிர்த்துத் தமிழர் போராடியதையும் நான் அவனுக்கு விளக்கினேன். அதற்கு முன்னரே பதிவான கார் ஆகையால் பேரனாரின் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் இருந்தன. அவற்றைத் தந்தை தயங்காமல் சொன்னார். தம் கைத்தொலைபேசி இலக்கத்தைக் கேட்டால் தடுமாறுபவர் அவர்! நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய தாளில் பையன் அதை அச்சிட்டான். முன் இடது மட்காட்டில் ஒரு நெளிவு இருந்ததாம். பேரனார் அதைக் கடைசிவரை திருத்தவில்லை. பையன் சிற்றரத்தால் அதே இடத்தில் ஒரு பள்ளம் இட்டான். வேலை முடிய ஐந்து வாரம் எடுத்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். எல்லாப் பழைய காரையும் உரிக்கக் கூடாது. மூல நிறமும் பெட்டியும் குலையாத பழைய காரைச் சேகரிப்போர் பெருவிலை கொடுத்து வாங்குவர். அதற்கு மறுநிறம் பூசினால் அந்த மதிப்புப் போய்விடும், உரித்த நிறம் திரும்பவும் வராது. விளையாடித் தேய்ந்து போனதையே எடுக்க வேண்டும். மறுநிறம் பூசியதை மூலப்பொருள் என்று விற்பது மோசடி. ஆதலால் நேர்மையானவர்கள் அடித்தட்டின் உட்புறத்தில் அதைக் குறித்து வைப்பார்கள். பையனும் ஆண்டைக் குறித்தான். போருக்கு முற்பட்ட டிங்கி சிலவற்றில் இன்னொரு குறை உண்டு. வார்ப்பு உலோகத்தில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டதால், அவை ஆண்டுகள் செல்ல உள்ளிருந்தே வீங்கி வெடித்து உதிர்ந்துவிடும். அவற்றுக்கு மருந்து இல்லை. எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

மற்றவற்றுக்கு மருந்து உண்டு. பெற்றார் பலர் பிள்ளைகளுடன் கதைக்க ஒன்றும் இல்லை என்று என்னிடம் முறையிடுகிறார்கள். பிள்ளையின் மேசையில் என்ன கிடக்கிறது என்று ஒரு தடவை இருந்து பாருங்கள், "இது என்ன?" என்று கேளுங்கள். கேட்கும்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

நான் போன காரியம் என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்பீர்கள். புத்திமதி சொல்ல மறந்தே வீடு வந்தேன். பின்னர் தந்தையும் மகனும் தாமே ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள்: பாடசாலை நாள்களில் போத்தல் திறப்பதில்லை, ஞாயிறு பிற்பகல் மட்டும். அந்நேரத்தில் தந்தை அரத்தாள் பிடிக்கிறார். பரீட்சை முடிவு அடுத்த ஆண்டு ஆவணியில் வரும். அது எப்படி அமைந்தாலும் இப்பகுதியில் எழுதுவேன்.