இருதலைப்புள்ளும் இருமொழிப் பெயரும்

ஆரணிப் பட்டுத் தறியில், புடவைக் கரையின்மீது பொன்னிழையால் ஒரு பறவை எழுகின்றது. உடல் ஒன்று; தலை இரண்டு. அதன் பெயர் யாதென வினவின் ‘இருதலைப் பட்சி’ என்பதே விடை. காஞ்சிபுரத்துப் பட்டிலும் இதுவே வழக்கு. முற்பாதி தமிழ், பிற்பாதி வடமொழி. பறவைக்கு இருதலை இருக்கலாம்; அதன் பெயருக்கும் இரண்டு மொழி வேண்டுமோ?

உரிய தமிழ்ப்பெயரை எவரும் புதிதாய்ப் படைக்க வேண்டுவதில்லை. அகநானூற்றின் 12ஆம் பாட்டில் கபிலர், தலைவிக்கும் தோழிக்கும் உள்ள பிரிவறியா நட்புக்கு இப்பறவையையே உவமை ஆக்கினார். தலை இரண்டாயினும் உயிர் ஒன்று என்பது கருத்து. அவர் ஆண்ட சொல் இருதலைப்புள். உருசியரும் அல்பேனியரும் தம் இலச்சினையிலும் கொடியிலும் இருதலைக் கழுகைப் பொறித்துள்ளனர். கருநாடக அரசின் இலச்சினையில் அது கண்டபேருண்டமாய் நிற்கின்றது. தமிழரோ உருவைத் தறியில் காத்துப் பெயரைத் தவற விட்டனர்.

தவறியது இஃதொன்று மட்டுமன்று. வானிற் பறக்கும் வேட்டைப்பறவைகளை முன்னோர் தனித்தனியே அறிந்து பெயரிட்டனர். பருந்து, எருவை, பாறு என்பன சங்கப் பாடல்களில் வேறுவேறாக வருகின்றன. பருந்து திராவிட மொழிகட்குப் பொதுவான தொல்சொல், மலையாளத்தில் பருந்து, கன்னடத்தில் ‘ஹத்து’. பால் ‘ஹாலு’ எனவும் புலி ‘ஹுலி’ எனவும் ஆகும் அம்மொழியில் இத்திரிபு இயல்பே. கழுகு மலையாளத்தில் கழுகன். இத்துணை ஆழ வேரூன்றிய சொற்கள் இருக்க, செம்பருந்து வட்டமிடக் கண்டு கைகூப்புவோர் அதனைக் ‘கருடன்’ என்கின்றனர். கோழிக்குஞ்சைக் கவ்விச் செல்லும்போது மட்டும் அது பருந்து! வணக்கத்திற்கு வடசொல், வசைக்குத் தமிழ்ச்சொல். பழம்புலவர் அவ்வடசொல்லை ஏற்றபோதும், தொல்காப்பியம் வகுத்த நெறிப்படி வடவெழுத்தை நீக்கிக் ‘கலுழன்’ என்றே எழுதினர். அவ்விழிப்பும் இன்றில்லை.

ஆட்சி மாறின் வானத்துப் பறவையின் பெயரும் மாறும் என்பதற்கு ஆங்கிலமே சான்று. ஆங்கிலரின் முன்னோர் கழுகை ‘ஏர்ன்’ என்றனர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், இலத்தீனத்து ‘அக்குவிலா’ பிரெஞ்சு வழியே நுழைந்து ‘ஈகிள்’ ஆயிற்று. பழஞ்சொல் கடற்கழுகின் பெயராய் ஒரு மூலையில் ஒதுங்கிற்று. ஆங்கிலர் இழந்தது ஆண்டோரின் வாளால். தமிழர் இழப்பது தம் மறதியால்.

சொல் குறையின் பார்வையும் குறையும். இன்று ‘ஈகிள்’ என்பதற்கும் கழுகு. பிணந்தின்று நிலத்தைத் தூய்மை செய்யும் பாறுக்கும் கழுகு. திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் உணவுண்ண வந்த இரு ‘கழுகுகள்’ மஞ்சள்முகப் பாறுகளே. கடந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அவற்றின் வரவு நின்றது. கால்நடைக்கு இட்ட டைக்ளோபினாக் என்னும் நோவுமருந்து, இறந்த மாட்டின் ஊன்வழியே இந்தியா எங்கணும் பாறுகளைக் கூட்டங்கூட்டமாய்க் கொன்றது. 2006இல் அரசு அதனைக் கால்நடைக்குத் தடை செய்தது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியவற்றைக் காக்க முனைந்தோர், ‘பிணந்தின்னி’ என்னும் இழிபெயரை விலக்கி, வெண்முதுகுப் பாறு, செந்தலைப் பாறு எனச் சங்கச் சொல்லை மீட்டு வழங்கினர். இறந்ததென்று எண்ணிய சொல், உயிர்காக்கும் பணியில் மீண்டும் உயிர்த்தது. காட்டில் இயன்றது தறியில் இயலாதோ?

பெயரை மாற்றினால் கூலி கூடுமோ என நெசவாளர் கேட்பின், அக்கேள்வியில் பிழையில்லை. பாவும் ஊடையுமாய் நாளெல்லாம் உழைப்போர்மீது இக்குறையைச் சுமத்துதல் அறமன்று. பெயரை ஊரறியச் செய்வோர் விற்போரே. விலைச்சீட்டிலும் விளம்பரத்திலும் ‘பட்சி’ என எழுதும் கை, ‘புள்’ என எழுதக் காசு கூடுதலாய் ஆவதில்லை. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருள். அது விலைபோகும் ஊர்தோறும் தமிழ்ச்சொல் ஒன்றும் உடன்செல்லும் எனில், அதனினும் எளிய தமிழ்த்தொண்டு வேறில்லை.

வணிகரும் கூட்டுறவு மன்றங்களும் அச்சொல்லை எழுதுக. புடவை வாங்கச் செல்லும் தமிழ்ப்பெண்டிர் ‘இருதலைப்புள் கரை காட்டுக’ எனக் கேட்டு வாங்குக. கபிலர் வைத்த பெயர் கடைத்தெருவில் ஒலிக்கட்டும். இருதலைக்கும் உயிர் ஒன்றே, அவ்வுயிர் தமிழாகுக!