90 பெரிதா, 48 பெரிதா?

எங்கள் காலை நிகழ்ச்சிக்கு அடிக்கடி குரல்பதிவு அனுப்பும் நேயர் ஒருவர் இருக்கிறார். உயர்நிலைப்பள்ளி மாணவர், போர்க்கப்பல் என்றால் உயிர். "அக்கா, அமெரிக்காவோட கார்னி, பிரிட்டனோட டைமண்ட், ரெண்டுல எது பெஸ்ட்?" என்று கேட்டிருந்தார். பதிலையும் அவரே சொல்லிவிட்டார்: கார்னியில் ஏவுகணைக் குழிகள் 90, டைமண்டில் 48. அதனால் கார்னி.

இரண்டும் நாசகாரி ரகக் கப்பல்கள். நீளம் ஏறக்குறைய 150 மீட்டர். காகிதத்தில் ஒப்பிட்டால் தம்பி சொல்வது சரி. ஆனால் இரண்டும் செங்கடலில் ஒரே வேலையைச் செய்திருக்கின்றனவே, அதை வைத்துப் பார்ப்போம். 2023 அக்டோபர் 19ஆம் தேதி, ஏமனிலிருந்து ஹூதிகள் ஏவிய ஏவுகணைகளையும் ஆளில்லா வானூர்திகளையும் கார்னி சுமார் பத்து மணி நேரம் சுட்டு வீழ்த்தியது. டிசம்பர் 16ஆம் தேதி டைமண்ட் ஒரு வானூர்தியை வீழ்த்தியது. 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று வானில் வந்த இலக்கை வீழ்த்தியது அதுவே முதல்முறை. நமக்கென்ன என்று கேட்காதீர்கள். நம் துறைமுகத்துக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே போய்வரும் கொள்கலன் கப்பல்கள் அந்தக் கடலை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில் பயணம் ஒரு வாரத்துக்கும் மேல் நீண்டது.

முதலில் கண். கார்னியின் ரேடார் நான்கு தட்டையான பலகைகளாகக் கப்பலின் உடம்பிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. டைமண்டுக்கோ உயரமான கோபுர உச்சியில் குடம் போல ஓர் உருண்டை. அதற்குள் நிமிடத்துக்கு 30 முறை சுழலும் ரேடார். புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று பார்ப்பதற்கும் பன்னிரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் நின்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். கடலை ஒட்டிப் பறந்து வரும் ஏவுகணையை மேலே இருப்பவர் சில நொடிகள் முன்னதாகப் பார்த்துவிடுவார். இதில் என் ஓட்டு டைமண்டுக்கு.

அடுத்து கை. டைமண்டின் 48 குழிகளிலும் இருப்பவை வான்தற்காப்பு ஏவுகணைகள் மட்டுமே. கார்னியிலோ தரையைத் தாக்கும் டோமஹாக் ஏவுகணைகளும் இருக்கலாம். 2024 ஜனவரியில் ஏமனில் பதிலடி கொடுக்க பிரிட்டன் சைப்ரசிலிருந்து போர் விமானங்களை அனுப்ப வேண்டியிருந்தது. சுட்டுத் தீர்ந்த குழிகளை நடுக்கடலில் நிரப்புவதும் வழக்கமில்லை. கப்பல் ஏதாவது துறைமுகத்துக்குத்தான் போகவேண்டும். டைமண்ட் ஜிப்ரால்டர் போய் வந்தபோது அதன் இடத்தில் ரிச்மண்ட் என்ற வேறொரு கப்பல் நின்றது. கையில் தம்பியின் கணக்கே ஜெயிக்கிறது.

எனக்கு இவை இரண்டையும்விட சுவாரசியமானது இயந்திரம். கார்னியில் நான்கு எரிவாயுச் சுழலிகள் நேராக உந்துவிசிறிகளைச் சுழற்றுகின்றன. கப்பலுக்கு மின்சாரம் தருவது தனி ஏற்பாடு. டைமண்டிலோ எல்லாமே மின்சாரம். சுழலி மின்சாரம் தரும், மின்மோட்டார் கப்பலைத் தள்ளும். எரிபொருள் மிச்சம், அருமையான யோசனை. ஆனால் அந்தச் சுழலியின் குளிர்விப்பான் வெதுவெதுப்பான கடலில் திணறியது. சுழலி நின்றால் மொத்தச் சுமையும் இரண்டே டீசல் ஜெனரேட்டர்கள் மேல் விழும். அவையும் படுத்துவிட்டால் கப்பல் முழுக்க இருட்டு. பல நூறு மில்லியன் பவுண்டு கப்பலுக்கு, நம்மூர்க் கடல் மாதிரிச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை! 2016ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவே இதை விசாரித்தது. 2021ல் ஆசியாவை நோக்கி வந்த கப்பற்படையிலிருந்து டைமண்ட் கோளாறால் மத்தியதரைக் கடலிலேயே தங்கிவிட்டது. இப்போது இந்த ரகத்துக் கப்பல்களில் இரண்டு ஜெனரேட்டர்களை எடுத்துவிட்டு, பெரியதாக மூன்று வைத்துவருகிறார்கள்.

அப்படியானால் கார்னி ரகமே மேல் என்று நினைக்கும்போது எனக்கு 2017 ஆகஸ்ட் 21ஆம் தேதி நினைவுக்கு வருகிறது. கார்னியின் அதே ரகத்தைச் சேர்ந்த ஜான் எஸ். மெக்கெய்ன், விடியும் முன் சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் அல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். பக்கவாட்டில் பெரிய ஓட்டையுடன் அந்தக் கப்பல் சாங்கி கடற்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்தது.

எதிரி யாரும் இல்லை, ரேடாரும் இருந்தது. சுக்கான் கட்டுப்பாட்டை ஒரு தொடுதிரையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோது, அது எவர் கையில் இருக்கிறது என்று மாலுமிகளுக்கே தெரியவில்லை. சுக்கான் பழுதாகிவிட்டது என்று நினைத்தார்கள். வேகத்தைக் குறைத்தபோது இரண்டு உந்துவிசிறிகளில் ஒன்று மட்டுமே குறைந்தது; கப்பல் திரும்பி எண்ணெய்க் கப்பலின் வழியில் போய்விட்டது. அந்தத் திரையில் போதிய பயிற்சி இல்லை என்று விசாரணை சொன்னது. 2019ல் அமெரிக்கக் கடற்படை ஒரு முடிவெடுத்தது: இந்த ரகக் கப்பல்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தத் தொடுதிரை வேண்டாம், கையால் பிடித்துத் தள்ளும் பழைய நெம்புகோலே திரும்பி வரட்டும்.