கணக்கும் சுயராஜ்யமும்: செஞ்சி வாலிபர்களின் பொருட்டு ஒரு கோரிக்கை

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் ராஜகிரியின் உயரத்தையும் கல்யாண மஹாலின் அடுக்குகளையும் கண்டு வியந்து திரும்புகின்றனர். அடிவாரத்து நெற்களஞ்சியத்தின் முன் நின்று சிந்திப்பவர் மிகச் சிலரே. 1690 முதல் 1698 வரை மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் இக்கோட்டையை முற்றுகையிட்டிருந்தான். மதில் எத்துணை வலியதாயினும் அது ஒரு படையின் பசியை ஆற்றாது. களஞ்சியத்தில் எத்தனை கலம் நெல் இருக்கிறது, அது எத்தனை நாளைக்குப் போதும் என்று அறிந்து சொல்ல ஒரு கணக்கன் இருந்தே தீரவேண்டும். 1714ஆம் ஆண்டில் போர்க்களத்தில் மாண்ட தேசிங்கு ராஜனை நாட்டுப்பாடகர்கள் பாடினர். கணக்கனைப் பாடுவார் இல்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றே அவ்வரிசையில் இடம்பெற்றது. கோட்டைக்கு உலகப் புகழ் கிடைத்துவிட்டது. அக்கோட்டையின் நிழலில் வளரும் பிள்ளைகளுக்கு எவ்வழி திறந்திருக்கிறது என்பதே நாம் கேட்கும் கேள்வி.

கணக்கு வெறும் வியாபாரிகளின் விவகாரம் என்று கருதுவோர் இரண்டு செய்திகளை நினைவில் கொள்வார்களாக. பத்தாம் நூற்றாண்டின் உத்தரமேரூர்ச் சாசனம், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்று விதித்தது. கணக்குக் காட்டாதவனுக்கு ஆளும் தகுதி இல்லை என்பது நம் முன்னோர் கண்ட நீதி. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோதோ, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு மண்ணாயிற்று. வெள்ளைக்காரர் கம்பெனி என்னும் நம்பிக்கை ஒன்றைத் தவிர, உள்ளே நடப்பதை அறிய அந்த ஏழை முதலீட்டாளர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தத் துயரத்திலிருந்தே, வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலியோரின் முயற்சியால், 1907ஆம் ஆண்டில் இந்தியன் பாங்கு பிறந்தது. சுதேசி முயற்சிக்கு மூலதனம் எவ்வளவு அவசியமோ, அம்மூலதனத்தின் போக்கை அச்சமின்றிச் சோதிப்பவனும் அவ்வளவு அவசியம். சுதந்திர இந்தியாவிலும், 2009 ஜனவரியில் சத்யம் கம்பெனியின் பொய்க்கணக்கு வெளிப்பட்டபோது இந்தப் பாடம் மீண்டும் கற்பிக்கப்பட்டது.

இத்தொழிலுக்கும் விடுதலைப் போருக்கும் உள்ள உறவைக் காட்ட ஒரு பெயர் போதும். ஆர். சிவபோகம் அம்மையார் சட்டமறுப்பு இயக்கத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தவர். வெளிவந்தபின் கணக்கியல் பயின்று 1933ஆம் ஆண்டில் பட்டயப் பரீட்சையில் தேறினார். இந்தியாவில் அப்பரீட்சையில் தேறிய முதற் பெண்மணி அவரே. ஆனால் சிறை சென்றவர் கணக்கராகப் பதிவு செய்துகொள்ள இயலாது என்று அன்றைய அந்நிய ஆட்சியின் விதி குறுக்கே நின்றது. அம்மையார் வழக்காடி வென்றார். 1937ஆம் ஆண்டில் சுயமாகத் தொழில் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை தென்னிந்தியக் கணக்காளர் வட்டாரக் குழுவின் தலைமை வகித்தார். இன்றைய சட்டமும் குற்றவாளிகளை விலக்குகிறது. ஆனால் ஒழுக்கக்கேடான குற்றம் புரிந்தோரையே விலக்குகிறது. தேசபக்தியைக் குற்றமாகக் கருதிய காலம் ஒழிந்தது.

1949 ஜூலை 1ஆம் தேதி பட்டயக் கணக்காளர் சட்டம் அமலுக்கு வந்தது. நம் அரசியலமைப்பு நடைமுறைக்கு வருமுன்னரே, இத்தொழிலை நாமே நடத்திக்கொள்ள இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் எழுந்துவிட்டது. அதன் வாயிலுக்குச் செல்லும் படிகள் ரகசியமானவை அல்ல. பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவர் முதலில் அடிப்படைப் பரீட்சை எழுதவேண்டும். கணக்கியல், வணிகச் சட்டம், கணிதமும் புள்ளியியலும், பொருளாதாரம் என அதற்கு நான்கு தாள்கள். அடுத்தது ஆறு தாள்கள் கொண்ட இடைநிலைப் பரீட்சை. ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும், மொத்தத்தில் 50 விழுக்காடும் பெறவேண்டும். வணிகவியல் பட்டதாரிகள் 55 விழுக்காடும், மற்றப் பட்டதாரிகள் 60 விழுக்காடும் பெற்றிருந்தால் நேரே இடைநிலைக்கே வரலாம். அதன்பின் ஓர் ஆடிட்டரிடம் பயிலுநராக அமர்ந்து தொழில் கற்கவேண்டும். முன்பு மூன்றாண்டாயிருந்த இப்பயிற்சியை 2023ஆம் ஆண்டின் புதிய திட்டம் இரண்டாண்டாகக் குறைத்திருக்கிறது. பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து, ஆறு தாள்கள் கொண்ட இறுதிப் பரீட்சை. அதில் தேறி, உறுப்பினராகப் பதிந்து, தொழில் நடத்தும் சான்றும் பெற்றவரே கம்பெனிக் கணக்குகளில் ஆடிட்டராகக் கையெழுத்திடலாம்.

இப்படிகளில் குலம் கேட்கப்படுவதில்லை, நன்கொடை கேட்கப்படுவதில்லை. தேறுவோர் இத்தனை பேர்தாம் என்ற வரம்பும் இல்லை. ஏழை மாணவனுக்கு இதனினும் நேர்மையான வாயில் வேறு எது? ஆயினும் வாயிலில் ஒரு பூட்டு தொங்குகிறது. இப்பரீட்சைகளை ஆங்கிலத்தில் எழுதலாம், ஹிந்தியில் எழுதலாம், தமிழில் எழுத வழியில்லை. ஹிந்திக்குத் தந்த இடம் தவறென்று நாம் சொல்லவில்லை. அலகாபாத்துப் பிள்ளைக்கு உரியது செஞ்சிப் பிள்ளைக்கு ஏன் உரியதாகாது என்றே கேட்கிறோம். மத்திய சர்க்காரின் சிவில் சர்வீஸ் பிரதானப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஜில்லாவை ஆளவும் நோயைத் தீர்க்கவும் தகுதி காணப் போதுமான தமிழ், ஐந்தொகை போட மட்டும் போதாதா?

உலக வாணிபம் ஆங்கிலத்தில் நடக்கிறது, தமிழில் பயின்றவர் அங்கே தடுமாறுவர் என்று சிலர் ஆட்சேபிப்பர். அதில் உண்மை உண்டு. இறுதிப் படியை அடைபவருக்கு ஆங்கிலப் பயிற்சி இன்றியமையாதது. ஆனால் அவ்வாதம் ஹிந்தியில் எழுதுவோருக்கும் பொருந்துமன்றோ? அவர்களைத் தடுக்காத காரணம் நம்மை மட்டும் தடுப்பது நியாயமாகாது. கலைச்சொற்கள் இல்லை என்பதும் வீண் பேச்சு. பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம் என்று நம் மேல்நிலைப் பள்ளிகள் கணக்குப்பதிவியலைத் தமிழிலேயே போதித்து வருகின்றன. அரசுப் பள்ளியில் அதைத் தமிழில் கற்றுத் தேறிய பிள்ளை, மறுமாதமே முற்றிலும் அந்நிய மொழியில் அதே பாடத்தை எழுத நேர்கிறது. அவன் தோற்றால், தோற்றது கணக்கிலா மொழியிலா என்று எவரால் கூற முடியும்?

இரண்டாவது தடை பயிற்சிக்காலம். பயிலுநருக்குத் தரவேண்டிய குறைந்தபட்ச உதவித்தொகையை விதிகள் ஊரின் ஜனத்தொகையைக் கொண்டு நிர்ணயிக்கின்றன. சிறிய ஊரென்றால் தொகையும் சிறிது. ஊரிலேயே தங்கினால் வருவாய் குறைவு. சென்னைக்குச் சென்றால் வாடகைக்கே போதாது. நெல்லும் மணிலாவும் விளையும் இச்சுற்றுப்புறத்தில் விவசாயிகள் உற்பத்தியாளர் கம்பெனி ஒன்றைத் தொடங்கினாலும் அதன் கணக்கைத் தணிக்கை செய்யப் பட்டயக் கணக்காளர் வேண்டும். அவர் தம் விவசாயியின் பேச்சை அறிந்தவராயிருப்பது நாட்டுக்கு நன்மையன்றோ?

ஆகவே நாம் கோருவன மூன்று. அடிப்படை, இடைநிலைப் பரீட்சைகளையாவது தமிழில் எழுத நிறுவனமும், அதன் விதிகளுக்கு இசைவளிக்கும் மத்திய சர்க்காரும் இடந்தர வேண்டும். சிற்றூரில் பயிலும் ஏழைப் பயிலுநருக்கு மாகாண சர்க்கார் உபகாரச் சம்பளம் வழங்க வேண்டும். தொழிலில் தேர்ந்த ஆடிட்டர்கள், தாம் பிறந்த தாலூகாவிலிருந்து ஆளுக்கொரு பிள்ளையையேனும் பயிலுநராக ஏற்க வேண்டும். முன்னிரண்டுக்கும் கிளர்ச்சி தேவை. மூன்றாவதற்கு மனம் ஒன்றே போதும்.

தேச ஊழியர்களே! கூட்டங்களில் ஊழலைக் கண்டித்துப் பேசுகிறோம். ஊழலைப் பிடிப்பவன் மேடைப் பேச்சாளன் அல்லன். பேரேட்டின் முன் அமர்ந்து, பணம் எங்கே போயிற்று என்று கேட்பவன். அப்படிப்பட்டவர்களைச் செஞ்சியின் ஓட்டு வீடுகளிலிருந்தும் உருவாக்குவது சுயராஜ்யத்தின் எஞ்சிய வேலைகளில் ஒன்று. அதை இனியும் ஒத்திப்போடலாகாது.