குளத்து மீனும் கண்ணாடிச் சிறையும்

மாரி மழை பொழிந்து குளங்கள் வான் பாயும் நாட்களில், வாய்க்கால் ஓரங்களிலே சிறுவர் கூட்டத்தைக் காணலாம். பழஞ்சேலைத் துண்டும் போத்தலுமே அவர்களுடைய கருவிகள். பிடிபட்ட கெளிறும் விரால் குஞ்சும் அன்று மாலையே வீட்டு விறாந்தையிலுள்ள கண்ணாடித் தொட்டிக்குக் குடியேறுகின்றன. பட்டினத்து உத்தியோகத்தர் அதே ஆசையைக் கடையிலே பணங் கொடுத்து நிறைவேற்றிக் கொள்கின்றார். அவர் வாங்கும் வண்ண மீன்களுள் ஓடையிலும் கடலிலும் பிடிக்கப்பட்டவையும் உண்டு. இதில் என்ன தீங்கு என்று கேட்போருக்குச் சில உண்மைகளை எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

மீன் தன் உடற்கழிவை அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகின்றது. பரந்த குளத்தில் அந்த நஞ்சு கரைந்து போகும். தொட்டியிலோ, அதனை மாற்றவல்ல பற்றீரியாக்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். நேற்று நீர் நிரப்பிய தொட்டியில் இன்று விடப்படும் மீன், தன் கழிவாலேயே மாள்கின்றது. உயிருள்ள இரையைத் தேடித் தின்று பழகிய மீன் உலர்ந்த தீனியைத் தொடாமல் பட்டினி கிடப்பதும் உண்டு. தப்பிப் பிழைக்கும் விராலோ வளர்ந்து, கூட இருக்கும் மீன்களை விழுங்கிவிடும். மூடியில்லாத் தொட்டியாயின் துள்ளி வெளியே விழும்.

காட்டு மீன் தனியே வருவதில்லை. ஒட்டுண்ணிகளையும் உடன் கொண்டு வருகின்றது. வெண்புள்ளி நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் ஒன்று, மீனை விட்டு நீங்கியபின் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகின்றது. ஆற்றிலே அவற்றுட் பெரும்பாலானவை இரை காணாது அழியும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் எந்த மீன் தப்பும்? மனிதருக்கும் எச்சரிக்கை வேண்டும். மீன் தொட்டி நீரில் வாழக்கூடிய ஒருவகைப் பற்றீரியா, கையிலுள்ள வெட்டுக்காயத்தின் வழியே புகுந்து, மாதக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்குவதை மருத்துவர் அறிவர். மண்வெட்டி பிடித்துக் காயம்பட்ட கையைத் தொட்டிக்குள் விடுவது தகாது.

நமது தீவுக்கே உரிய பந்துல பெத்தியா என்னும் சிறு மீனின் கதையைக் கேளுங்கள். 1991ஆம் ஆண்டில் அறிவியற் பெயர் சூட்டப்பட்ட அம்மீன், கேகாலை மாவட்டத்துக் கலப்பிட்டமடப் பகுதியில் ஒரு சிற்றோடையை மட்டுமே இருப்பிடமாகக் கொண்டு அறியப்பட்டது. இன்று அது அழிவின் விளிம்பிலே நிற்கின்றது. ஒரே ஓடையை நம்பி வாழும் இனத்தில், அழகுக்காக அள்ளப்படும் ஒவ்வொரு கையளவும் ஒரு தலைமுறையின் இழப்பாகும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்பிடி, நீர்வாழ் வளச் சட்டம் உயிர் மீன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகின்றது. ஆயினும், வீட்டு விறாந்தையில் வந்து காவல் நிற்கச் சட்டத்தால் இயலுமா?

இதன் மறுபக்கம் கமக்காரரை நேரே தாக்குவது. வளர்த்துச் சலித்தவர் மீனைக் கொல்ல மனமின்றிக் குளத்திலே விடுகின்றார். அது ஜீவகாருண்யம் என்று அவர் எண்ணுகின்றார். தொட்டியில் தொற்றிய நோயும் அம்மீனோடு குளத்திற் சேர்கின்றது. பாசி தின்னும் என்று சொல்லித் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளிறு, இவ்வாறே நம் நாட்டு நீர்த்தேக்கங்களிற் பரவிவிட்டது. அதன் முட்செதில்களிற் சிக்கி மீனவர் வலை கிழிகின்றது. கரையைக் குடைந்து பொந்து அமைத்து முட்டையிடுவது அதன் இயல்பு. குளக்கட்டை நம்பி விதைப்பவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

மீன் வளர்ப்பதை நாம் வெறுக்கவில்லை. பண்ணையிலே இனம்பெருக்கிய மீனைக் கேட்டு வாங்குங்கள். எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரை வினவுங்கள். புதிய மீனை நான்கு வாரமேனும் வேறு தொட்டியில் வைத்துப் பாருங்கள். வேண்டாத மீனைக் கடையிலோ வளர்ப்போரிடமோ ஒப்படையுங்கள், வாய்க்காலில் விடாதீர்கள். சிறுவர் பிடித்த மீனைப் போத்தலிலே சிறிது நேரம் பார்த்து மகிழட்டும். பின்னர் பிடித்த இடத்திலேயே அன்றே விடட்டும். குளத்து மீன் குளத்தில் வாழட்டும். தொட்டி மீன் குளத்தை அணுகாதிருக்கட்டும். இந்த எல்லையைக் காப்பது அரசாங்கத்தின் கையில் மட்டுமில்லை. நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கின்றது.